மேடானிலிருந்து நியாஸுக்கு: விங்ஸ் ஏரின் ஏடிஆர் விமானங்களில் என் அனுபவம்

வேலை இந்தோனேசியாவில், சுமத்ராவுக்கு மேற்கே உள்ள நியாஸ் தீவில் என்பதால், சுமத்ராவின் மேடான் நகரத்துக் குவாலானாமு விமான நிலையத்திலிருந்து நியாஸின் குனுங்சிதோலிக்குப் பல வருடங்களாக விங்ஸ் ஏர் நிறுவனத்தின் விமானத்தில்தான் போய்வருகிறேன். ஊரில் சொன்னால், "லயன் ஏரோட கம்பெனியா? அதுல ஏன் போற?" என்றுதான் கேட்கிறார்கள். 2018 அக்டோபரில் ஜாவா கடலில் விழுந்த லயன் ஏர் விமானம் யாருக்கும் மறக்கவில்லை. அது போயிங் 737 மேக்ஸ். விங்ஸ் ஏர் ஓட்டுவது ஏடிஆர் 72 என்ற இரட்டைப் புரொப்பெல்லர் விமானம். இரண்டும் வேறு வேறு ரகம். இந்தோனேசிய விமான நிறுவனங்கள் ஐரோப்பாவுக்குப் பறக்க 2007இல் போட்ட தடையை ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜூனில் முழுவதும் நீக்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

2003இல் லயன் ஏர் தொடங்கிய துணை நிறுவனம்தான் விங்ஸ் ஏர். 2010 முதல் ஏடிஆர் வரத் தொடங்கியது. 2014இல் லயன் குழுமம் இன்னும் 40 ஏடிஆர் கேட்டபோது மொத்த ஆர்டர் 100 ஆனது. இத்தனை எதற்கு என்றால், முழுச் சுமையோடும் சுமார் 1,300 மீட்டர் ஓடுதளத்தில் கிளம்பிவிடும் விமானம் இது. பெரிய ஜெட் இறங்க முடியாத தீவுகளுக்கு அதுதான் வழி. நியாஸுக்கு மாற்று வழி, மலைப்பாதையில் பகல் முழுக்க சிபோல்கா துறைமுகம் வரை போய், அங்கிருந்து இரவு முழுக்கக் கப்பல். விமானத்தில் ஒரு மணி நேரம்தான்.

இருக்கைகள் இரண்டு இரண்டாக, மொத்தம் 72. நடு சீட் என்ற தொல்லையே கிடையாது. பயணிகள் ஏறுவது வால் பக்கக் கதவில். முன்னால் சரக்கு அறை. எனவே சீக்கிரம் இறங்க வேண்டுமானால் பின்வரிசை கேளுங்கள். சத்தமும் அங்கேதான் குறைவு; புரொப்பெல்லர்கள் முன்பகுதிக்கு நேராகச் சுற்றுவதால், முன்வரிசைகளில் உட்கார்ந்தால் இரைச்சலோடு அதிர்வும் சேர்ந்து வரும். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்கத் தடையில்லை. வானம் தெளிந்திருந்தால் போகும்போது இடது சன்னலில் தோபா ஏரி, வலது சன்னலில் சினாபுங் எரிமலை. எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

தரையில் நிற்கும்போது வலது என்ஜின் ஓடியும் அதன் புரொப்பெல்லர் மட்டும் அசையாமல் இருப்பதைச் சில சமயம் பார்க்கலாம். கோளாறு என்று பதற வேண்டாம். ஏடிஆரில் மின்சாரத்துக்கும் ஏசிக்கும் தனி துணை என்ஜின் கிடையாது. புரொப்பெல்லரை பிரேக் போட்டுப் பிடித்துக்கொண்டு அந்த என்ஜினையே அதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஏடிஆர் 72இன் 500, 600 என்ற இரண்டு ரகத்திலும் போயிருக்கிறேன். 600 ரகத்தில் விமானி அறை முழுக்கத் திரைமயம். பயணிக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

லக்கேஜ் விஷயத்தில் கவனம் தேவை. 2019 ஜனவரியில் லயனும் விங்ஸும் இலவச செக்-இன் லக்கேஜை நிறுத்திவிட்டன. கையில் 7 கிலோ. இன்றைய விதி என்ன என்று டிக்கெட் போடும்போதே பார்த்து, தேவையான எடையை அப்போதே வாங்கிவிடுங்கள். தலைக்கு மேல் உள்ள பெட்டி சிறியது. ஜெட்டில் நுழையும் உருளைப்பெட்டி இதில் நுழையும் என்று நம்பாதீர்கள். அலைச்சறுக்குப் பலகை கொண்டு வருபவர்கள் நீளத்தை முன்பே சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது. சாப்பாடு கிடையாது, ஒரு மணி நேரத்துக்கு அது தேவையும் இல்லை.

ஏடிஆர் ஜெட் அளவுக்கு உயரப் பறப்பதில்லை, மேகத்துக்குள்ளேதான் போக வேண்டிவரும். சுமத்ராவில் மதியத்துக்கு மேல் இடிமேகம் திரளும் என்பதால், நான் எப்போதும் முடிந்தவரை காலை விமானத்தையே எடுக்கிறேன். தாமதமானால் என்ன கிடைக்கும் என்பதை 2015ஆம் ஆண்டுப் போக்குவரத்து அமைச்சக விதி சொல்கிறது: ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் சிற்றுண்டி, இரண்டைத் தாண்டினால் முழுச் சாப்பாடு, நான்கைத் தாண்டினால் 3 லட்சம் ருபியா. எந்த நிறுவனமானாலும் இதேதான். கேட்டு வாங்குங்கள்.

தீவிலிருந்து திரும்பும் அன்றே கோலாலம்பூருக்கு டிக்கெட் போட வேண்டாம். ஓர் இரவு மேடானில் தங்குவதாகவே திட்டமிடுங்கள். மேடானின் இந்தியர் பகுதியான கம்போங் மாட்ராஸ் பக்கம் அறை எடுத்தால் மாரியம்மன் கோயிலுக்கும் போய்வந்துவிடலாம்.