இறகு பிடுங்கும் பறவைக்குக் கடை ஸ்பிரேயும் காலரும்: வாங்கலாமா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பறவைக் கடையில் போய் "முடியைப் பிடுங்கிப் போடுது" என்றால், ஒரு ஸ்பிரே பாட்டிலையோ கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் காலரையோ எடுத்து நீட்டுவார்கள். காசு கொடுக்குமுன் பறவையின் தலையைப் பாருங்கள். தன் தலையைத் தானே கொத்த அதற்கு அலகு எட்டாது. உடம்பெல்லாம் மொட்டையாகி தலை மட்டும் முழுசாக இருந்தால் அது தானே பிடுங்குகிறது. தலையும் மொட்டை என்றால் கூட இருக்கும் ஜோடி பிடுங்கலாம், நோயாகவும் இருக்கலாம். முதலில் தனிக் கூட்டில் போட்டுப் பாருங்கள்.

கசப்பு ஸ்பிரே வீண். கோதும்போது கசப்பு அலகில் ஒட்டி எல்லா இறகுக்கும் பரவும். அதைப் போக்க இன்னும் அதிகமாகக் கோதும். கற்றாழை ஸ்பிரே பரவாயில்லை, ஆனால் காலையில் வெறும் தண்ணீரை மெல்லிய தூறலாக அடித்தாலே பெரும்பாலும் போதும். தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் தடவவே கூடாது. இறகு ஒட்டிப்போய் உடம்புச் சூடு நிற்காது.

காலர் காரணத்தைத் தொடாது, அலகைத்தான் தடுக்கும். தோல் கிழிந்து ரத்தம் வந்தால் மட்டும், டாக்டர் சொல்லி மாட்டலாம். மாட்டியதும் சில பறவைகள் தின்பதையே நிறுத்திவிடும். தினமும் ஒரே நேரத்தில் கிராம் தராசில் எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

கடைக்காரர் பேசாத விஷயம் கூடு. குளச்சல், கன்னியாகுமரி மாதிரிக் கடலோர வீடுகளில் உப்புக்காற்றால் துத்தநாகம் பூசிய கம்பியில் வெள்ளைத் தூள் பூக்கும். கம்பியைக் கவ்வி ஏறும் கிளி இனங்களின் வயிற்றுக்கு அந்தத் துத்தநாகம் போகும். அது விஷம், இறகு பிடுங்கலுக்கும் ஒரு காரணம். வினிகரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காய வையுங்கள். தூள் திரும்பத் திரும்ப வந்தால் ஸ்பிரே காசை எவர்சில்வர் கூட்டுக்குச் சேர்த்து வையுங்கள்.

காற்று வறண்டு போனதுதான் காரணம் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் முதல் சந்தேகம் அதன் மேல் வேண்டாம். இங்கே வம்பு ஈரத்தில் பூஞ்சை பிடித்த தினை. மோந்து பாருங்கள், முக்கல் வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். தினை மட்டுமே தின்றால் வைட்டமின் ஏ குறைந்து தோல் கெடும். முருங்கைக்கீரை, பழுத்த பப்பாளி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். கடித்துப் பிய்க்கப் பச்சைப் பனையோலை, சுத்தமான சிரட்டை போடலாம். தும்புக் கயிறு வேண்டாம், நார் இரைப்பையில் சிக்கும். டிவி ஓடும் ஹாலில் கூடு இருந்தால் இரவு 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் கிடைக்கிற அறைக்கு மாற்றுங்கள்.

கூடும் தீனியும் சரியான பிறகும் நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போகவேண்டியதுதான். பறவை பார்க்கிறவர் பக்கத்தில் இல்லையென்றால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். அன்றைய எச்சத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்துப் போங்கள். காக்டெயில் (cockatiel) கிளிக்கு ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியால் அரிப்பு வருவதுண்டு. எச்சம் பழசானால் அது கண்ணில் படாமல் போகும். புதிதாக முளைக்கும் இறகு கோணலாகவோ கிள்ளியது போலவோ இருந்தால் வைரஸ் பரிசோதனை கேளுங்கள். முடிவு வரும்வரை மற்றப் பறவைகளோடு சேர்க்காதீர்கள், தீனிக் கிண்ணமும் தனியாக இருக்கட்டும்.