ஸ்டெப்-அப்: பிள்ளைக்குப் பணம் கொடுத்து ஆராய்ச்சி சொல்லித்தரும் கோடைத் திட்டம்

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான கோடைக்கால ஆராய்ச்சித் திட்டங்களில் இரண்டு வகை உண்டு. பெற்றோர் ஆயிரக்கணக்கான டாலர் கட்டி அனுப்புவது ஒன்று. பிள்ளையின் கையில் பணம் கொடுத்து ஆய்வகத்துக்கு வரச்சொல்வது இன்னொன்று. ஸ்டெப்-அப் இரண்டாவது வகை. சிறுநீரக நோய்களை ஆராயும் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இந்தத் திட்டத்தில் வந்த மாணவர்களுக்குச் சில கோடைகளில் வழிகாட்டியாக இருந்திருக்கிறேன். அந்த இடத்திலிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

நடத்துவது என்.ஐ.எச். எனப்படும் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஓர் அங்கமான, நீரிழிவு, செரிமான, சிறுநீரக நோய்களுக்கான தேசிய நிறுவனம். நான் வழிகாட்டிய ஆண்டுகளில் விதிகள் இவைதாம்: பதினொன்று அல்லது பன்னிரண்டாம் வகுப்பு, குறைந்தது 16 வயது, மதிப்பெண் சராசரி நான்குக்கு 3.0, அமெரிக்கக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு. எட்டு முதல் பத்து வாரம் முழுநேர வேலை. ஆராய்ச்சித் துறைகளில் குறைவாகவே காணப்படும் கறுப்பின, ஹிஸ்பானிக், பூர்வகுடி, பசிபிக் தீவுப் பிள்ளைகளையும் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளையும் மனதில் வைத்து உருவானது. கோடை முடிவில் மேரிலாந்தின் பெதெஸ்டாவில் உள்ள என்.ஐ.எச். வளாகத்துக்கு எல்லாரையும் வரவழைத்து, செய்த ஆராய்ச்சியை மேடையில் சொல்ல வைப்பார்கள். பயணமும் தங்கும் இடமும் அவர்கள் செலவு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த உதவித்தொகைதான். என்னிடம் வந்த ஒரு பெண் அதற்கு முந்தைய கோடையில் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். அவள் அம்மா போனில் என்னிடம் முதலில் கேட்டதே, எவ்வளவு வரும், எப்போது வரும் என்பதுதான். சரியான கேள்வி. கோடை முழுக்கச் சும்மா வந்து வேலை செய் என்றால், அது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வைக்கிற அழைப்பு. அடுத்தது, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆய்வகத்திலேயே இடம் தருவது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளையை விடுதியில் தங்கச் சொன்னால் அங்கேயே கதவை மூடிவிட்ட மாதிரிதான். குவாம், அமெரிக்க சமோவா, பலாவ் தீவுகளின் பிள்ளைகளுக்கும் இந்தத் திட்டம் போய்ச் சேர்ந்தது. அதை ஒருங்கிணைத்தது ஹவாய்ப் பல்கலைக்கழகம்.

ஆய்வகத்துக்குள் என்ன நடக்கும்? எங்கள் இடத்தில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களை எலிக்கூடத்துக்குள் விடமாட்டோம். நாங்கள் கொண்டுவரும் வால் நுனித் துணுக்கிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அதில் வேண்டிய பகுதியைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். ஓட்டி, எந்த எலிக்கு எந்த மரபணு இருக்கிறது என்று சொல்வது மாணவரின் வேலை. ஆய்வகம் முழுக்க அந்த முடிவை நம்பித்தான் எலிகளைப் பிரிக்கும். முதல் வாரம் வண்ணத் தண்ணீரும், துளித்துளியாக அளந்து எடுக்கும் பிப்பெட்டும் மட்டும். அப்புறம் ஜெல்: கூழ் போன்ற ஒரு பலகை, அதன் குழிகளில் விடும் டி.என்.ஏ. மின்சாரத்தில் நகர்ந்து கோடுகளாகத் தெரியும். குழி ஒரு சீப்புப் பல் அகலம்தான் இருக்கும். பிப்பெட் முனை கொஞ்சம் அழுந்தினால் அடியில் ஓட்டை விழுந்து, விட்ட டி.என்.ஏ. கரைசல் கீழே ஓடிவிடும். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையால் முனையைத் தாங்கிப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விடுவார்கள்.

மூன்றாவது வாரம் அந்தப் பெண் ஜெல் படத்தைக் கொண்டுவந்து, "வெறும் தண்ணீர் விட்ட குழியிலும் கோடு தெரிகிறதே, இது வரலாமா?" என்று கேட்டாள். வரக் கூடாது. ஏதோ ஒரு கரைசல் மாசுபட்டிருக்கிறது என்று அர்த்தம். கண்டுபிடிக்கும் பொறுப்பை அவளிடமே கொடுத்தேன். ஒவ்வொரு கரைசலாக மாற்றிப் போட்டு ஓட்டி, எந்தப் பகுதியைப் பெருக்க வேண்டும் என்று காட்டும் பிரைமர் என்ற டி.என்.ஏ. துணுக்கு இருந்த குழாயில்தான் கோளாறு என்று பிடித்துவிட்டாள். முந்தைய முடிவுகளையெல்லாம் திரும்ப ஓட்டினோம். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களே சில சமயம் அந்த மெல்லிய கோட்டைக் கண்டும் காணாமல் போய்விடுவார்கள்.

அவள் பாட்டிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதனால் நான் படிக்கக் கொடுத்த கட்டுரைகளை அவள் வேறு கண்ணோடு படித்தாள். இரத்தத்தில் இருக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. 2009-இல் வந்து பரவலாகப் புழங்கிய சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை ஏறக்குறைய 16 சதவீதம் கூட்டிவிடும். காகிதத்தில் சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் பெயர் ஏறுவது தள்ளிப்போகும். 2021-இல்தான் தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கமும் இனத்தைக் கணக்கில் சேர்க்காத புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தன. "பாட்டியின் கணக்கும் அப்படித்தான் போட்டிருப்பார்களா?" என்று கேட்டாள். அந்த ஆண்டுகளில் பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் போட்டார்கள் என்றேன். இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒருவர் ஆய்வகத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இப்படி ஒரு திட்டம் அவசியம் என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. எட்டு வாரத்தில் பிப்பெட் கைக்குப் பழகுவதற்குள் பாதி போய்விடும். கோடை முடிவில் காட்டும் ஆராய்ச்சிப் போஸ்டரில் முழு முடிவு வைப்பது எல்லாருக்கும் வாய்க்காது. யார் வழிகாட்டியாகக் கிடைக்கிறார் என்பதைப் பொறுத்தே எல்லாம். நேரம் கொடுக்காதவரிடம் மாட்டினால் பிள்ளை குழாய்களுக்குப் பெயர் ஒட்டியே கோடையைக் கழிக்கும். நான் அறிந்த ஓர் இடத்தில், அலுவலகக் காகித வேலையால் முதல் தவணைப் பணம் வாரக்கணக்கில் தாமதமானது. பஸ் காசுக்கே அந்தப் பணத்தை எதிர்பார்க்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. பஸ் பாஸையாவது முதல் நாளே கையில் கொடுத்துவிட வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு? எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருந்தால் விண்ணப்பிக்க முடியாது. இந்தியர், இலங்கையர் என்ற அடையாளம் ஆராய்ச்சியில் குறைவாகக் காணப்படுவோர் என்ற என்.ஐ.எச்.சின் பழைய பட்டியலில் சேராது. ஆனால் பள்ளியில் இலவச மதிய உணவுக்குத் தகுதி, வீட்டில் யாரும் கல்லூரி முடிக்காதது, கிராமப்புறம் போன்ற நிபந்தனைகளில் இரண்டு பொருந்தினால் வசதியற்ற பின்னணி என்ற வழி இருந்தது. அகதியாக வந்து கடையிலும் டாக்சியிலும் உழைக்கும் நம்மவர் வீடுகளில் இது பலருக்குத் தெரியவில்லை.

ஒன்றை மறக்காமல் பாருங்கள். 2025-இல் என்.ஐ.எச். தன் வளாகத்துக் கோடைப் பயிற்சியையே ரத்து செய்தது. பன்முகத்தன்மை சார்ந்த பயிற்சி மானியங்கள் பலவும் நிறுத்தப்பட்டன. எனவே விண்ணப்பிக்கும் முன், அந்த ஆண்டு திட்டம் நடக்கிறதா, விதிகள் என்ன என்று நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதோடு, அமெரிக்க வேதியியல் சங்கம் 1968 முதல் நடத்தும் புராஜெக்ட் சீட் திட்டத்தையும் பாருங்கள். அது குடும்ப வருமானத்தை வைத்துத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையும் தருகிறது. ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதத்தை டிசம்பர் விடுமுறைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஜனவரியில் எல்லாரும் ஒரே நேரத்தில் போய் நிற்பார்கள்.