ரிதம்பாக்ஸும் செத்துப்போன வானொலி நிலையங்களும்

பல ஆண்டுகளாக உபுண்டு லினக்ஸ் பயன்படுத்தும் நண்பர், பாட்டும் இணைய வானொலியும் கேட்க உதவும் ரிதம்பாக்ஸ் செயலியைப் பற்றிப் போன வாரம் கேட்டார்: "ரிதம்பாக்ஸில் பாதி ரேடியோ பாடவே இல்லை. என் இணைப்பில் கோளாறா?"

இணைப்பில் ஒன்றுமில்லை. பான்ஷி என்ற இன்னொரு இசைச் செயலியை விட்டுவிட்டு 12.04 பதிப்பில் உபுண்டு மறுபடி ரிதம்பாக்ஸுக்குத் திரும்பிய நாளிலிருந்து நானும் இதில்தான் பாட்டுக் கேட்கிறேன். எனக்கும் இந்த ஒரு எரிச்சல் மட்டும் தீரவில்லை.

முதன்முதலாகத் திறக்கும்போது, தன்னுடன் வரும் எக்ஸ்எஸ்பிஎஃப் என்ற பட்டியல் கோப்பிலிருந்து நிலையங்களை எடுத்து ரிதம்பாக்ஸ் தன் தரவுத்தளத்தில் எழுதிக்கொள்கிறது. எழுதியதும் 'ஏற்றியாகிவிட்டது' என்று ஒரு குறி போட்டுவிடும். அதன்பின் அந்தக் கோப்பைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. புதிய பதிப்பில் செத்த முகவரியை நீக்கி நல்ல நிலையம் ஒன்றைச் சேர்த்தாலும் பழைய பயனருக்கு அது வந்து சேராது. டிகான்ஃப் எடிட்டர் என்ற அமைப்புகளை மாற்றும் கருவியில் அந்தக் குறியைத் தேடி அணைத்தால் புதிய பட்டியல் வரும். அப்போதும் செத்தவற்றை நாம்தான் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். பாட்டுக் கேட்க உட்கார்ந்தவரிடம் இந்த வேலையைச் சுமத்துவது நியாயமா?

இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் அந்தப் பட்டியல்மீது எனக்குள்ள நன்றிதான். எச்பிஆர்1 வானொலியின் ட்ரீம் ஃபேக்டரியை நான் தேடிப் போகவில்லை. பட்டியலில் கிடந்தது, சொடுக்கினேன். சொற்களே இல்லாத அந்த மெல்லிய இசையில் எத்தனையோ இரவு வேலைகள் முடிந்திருக்கின்றன. எதைத் தேடுவது என்றே தெரியாதவனுக்கு செயலியோடு வரும் இயல்பிருப்புப் பட்டியல்தான் முதல் கதவு. அது திறந்தவுடன் மௌனம் வந்தால், இணைய வானொலியே இப்படித்தான் என்று எண்ணிப் போய்விடுவான்.

எனவே பட்டியலில் நிலையம் சேர்க்க முன்வருவோருக்கு ஒரு வேண்டுகோள். சேவையகத்தின் நேரடி முகவரியைத் தராதீர்கள். சேவையக முகவரிகளை எழுதி நிலையமே வெளியிடும் பிஎல்எஸ் அல்லது எம்3யூ கோப்பின் முகவரியைத் தாருங்கள். சேவையகம் மாறினால் அவர்கள் அந்தக் கோப்பைத் திருத்திக்கொள்வார்கள், நம் முகவரி பிழைத்துக்கொள்ளும். சோமா எஃப்எம் என்ற இணைய வானொலியின் பிஎல்எஸ் கோப்பில் ஒரே நிலையத்துக்குப் பல சேவையகங்கள் இருக்கும். ஒன்று படுத்தால் இன்னொன்று. ஆனால் பிபிசி 2023-இல் தன் பழைய ஷவுட்காஸ்ட் முறை இணைய ஒலிபரப்பையே நிறுத்தியதுபோல நடந்தால் இந்த வழியும் உதவாது.

ஸ்ட்ராபெரி பிளேயர் என்ற இன்னொரு இசைச் செயலி இதைச் சரியாகச் செய்கிறது. சோமா எஃப்எம், ரேடியோ பாரடைஸ் என்று இரண்டே இடங்கள்தாம். ஆனால் அலைவரிசைப் பட்டியலை அந்தந்த வானொலியிடமே கேட்டு வாங்குகிறது. புதுப்பிக்க ஒரு சொடுக்குப் போதும்.

நண்பரை ஸ்ட்ராபெரி நிறுவச் சொல்லிவிட்டேன். நான் மாறப்போவதில்லை. நானே முகவரி ஒட்டிச் சேர்த்த நிலையங்கள், ஆண்டுக்கணக்கில் நட்சத்திரம் போட்டு வைத்த பாடல்கள் எல்லாம் ரிதம்பாக்ஸில்தான் இருக்கின்றன. செத்த நிலையங்களை நேற்று மறுபடி உட்கார்ந்து நீக்கினேன். ட்ரீம் ஃபேக்டரி பாடிக்கொண்டிருந்தது.