பத்துப் பேருக்குக் குறைவான பட்டறைக்கு எது: டபிள்யூ.சி. (தொழிலாளர் இழப்பீட்டு) பாலிசியா, குரூப் ஆக்சிடென்ட் (குழு விபத்து) பாலிசியா?

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீடு கட்டாயம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்குபவருக்கு வேலையில் அடிபட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. குழப்பம் வருவது, இ.எஸ்.ஐ.க்குள் வராத சின்னப் பட்டறைகளுக்கும் 21,000-ஐத் தாண்டிய வெல்டர், சூப்பர்வைசர்களுக்கும்தான்.

ஏஜென்ட்டுகள் முதலில் நீட்டுவது பெரும்பாலும் குரூப் ஆக்சிடென்ட் பாலிசி. அதில் நல்லது இருக்கிறது: 24 மணி நேரமும் செல்லும், வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் பணம் வரும், முதலாளியும் சேர்ந்துகொள்ளலாம். ஆனாலும் எங்கள் பட்டறைக்கு டபிள்யூ.சி.தான் எடுத்திருக்கிறோம். காரணம் ஒன்றுதான். குரூப் பாலிசி தொழிலாளிக்குப் பணம் தருகிறது. வேலையில் அடிபட்டால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முதலாளிமேல் வைக்கும் கடனை அது அடைப்பதில்லை; டபிள்யூ.சி. அதைத்தான் அடைக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 30 வயது ஃபிட்டர், சம்பளம் 22,000. இழப்பீட்டுக் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்துக்கு 2020 ஜனவரி முதல் உச்சவரம்பு 15,000. இறந்துவிட்டால் அதில் பாதி 7,500. அதை அந்த வயதுக்குரிய காரணி 207.98 ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். நிரந்தர முழு ஊனம் என்றால் பாதிக்குப் பதில் 60 சதவீதம், 18,71,820 ரூபாய். பிரஸ்ஸில் கட்டைவிரல் முழுதும் போனால் சட்டத்தின் அட்டவணைப்படி 30 சதவீத இழப்பு, அதாவது முழு ஊனத் தொகையில் 30 சதவீதம், 5,61,546 ரூபாய். ஐந்து லட்ச ரூபாய் குரூப் பாலிசி வைத்திருப்பவர் இறப்பில் எங்கே நிற்கிறார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு இடத்திலும் இடிக்கும். குடித்துவிட்டு வேலை செய்து விபத்து நடந்தால் குரூப் பாலிசியில் பொதுவாகக் கிளைம் கிடையாது. ஆனால் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 'குடித்திருந்தார், ஹெல்மெட் போடவில்லை' என்ற வாதம் முதலாளியைக் காப்பாற்றாது. பாலிசி கைவிடும் அதே நேரத்தில் பொறுப்பு முழுதாக நிற்கும். இறந்தவர் வீட்டில் நேரடியாகக் கொடுக்கும் பணமும், மூன்று மாதச் சம்பள அளவு முன்பணம் தவிர, இழப்பீடாகக் கணக்கில் வராது. இழப்பீட்டை விசாரிக்கும் அரசு அதிகாரியிடம் டெபாசிட் செய்தால்தான் செல்லும். ஒரு மாதம் தாண்டினால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம்.

டபிள்யூ.சி. எடுத்தால் எல்லாம் முடிந்தது என்றும் இருந்துவிடக் கூடாது. அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்காது; வட்டியும் பாலிசியில் பல இடத்தில் விலக்கு. மருத்துவச் செலவை முழுவதும் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். பாலிசியிலோ அது தனிச் சேர்க்கை, அதற்கும் ஒரு வரம்பு. கான்ட்ராக்டர் ஆட்கள் உள்ளே வருகிறார்கள் என்றால் அந்தச் சேர்க்கையும் வேண்டும், ஏனென்றால் தொழிலாளி முதலில் கேட்கப்போவது உங்களைத்தான். கான்ட்ராக்டரிடம் வசூலிப்பது பிறகு உங்கள் பாடு.

பிரீமியம் சம்பளத் தொகையையும் வேலையின் அபாயத்தையும் பொறுத்தது. அதைக் குறைக்க வெல்டரை ஹெல்பர் என்றும், எட்டுப் பேரை ஐந்து பேர் என்றும் எழுதுகிறார்கள். கிளைம் வந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் கேட்பது மஸ்டர் ரோலும் (வருகைப் பதிவேடு) சம்பளப் பதிவேடும். பெயர் அதில் இல்லாத ஆளுக்குப் பாலிசி இருந்தும் பயனில்லை. ஓவர்டைம் உட்பட உண்மையான சம்பளத்தை எழுதுங்கள், புதிதாக ஆள் சேர்ந்தால் அந்த வாரமே தெரிவியுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் 1923 ஆம் ஆண்டின் அந்தத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இப்போது இழப்பீட்டுக்குள் வருகிறது. கையில் இருக்கும் பாலிசி பழைய சட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால், புதிய சட்டமும் அடங்கும் என்று எழுத்தில் என்டார்ஸ்மென்ட் (பாலிசியில் சேர்க்கும் திருத்தக் குறிப்பு) வாங்கிக்கொள்ளுங்கள்.