லிஸ்பனில் 28-ஆம் எண் டிராமுக்குச் 'சிறப்பு டிக்கெட்' வாங்காதீர்கள்

தலைக்கு 29 யூரோ. நான், அக்கா, மாமா என்று மூன்று பேருக்கு 87 யூரோ. போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் ஓடும் மஞ்சள் டிராமில் ஏறுவதற்காகக் கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடியே இணையத்தில் நான் கட்டிய பணம் இது. அதற்கு ஈடாகக் கைக்கு வந்தது, அந்த ஊர் மெட்ரோ நிலைய இயந்திரத்தில் ஏழு யூரோவை ஒட்டிய விலைக்கு யாரும் வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு நாள் போக்குவரத்து அட்டை. கெட்டி அட்டைக்குத் தனியாக 50 சென்ட். அவ்வளவுதான்.

எப்படி ஏமாந்தேன் என்பது புரிய வேண்டுமானால் 28-ஐப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அது சுற்றுலா வண்டி அல்ல. நம் டவுன் பஸ்ஸைப் போல நகரப் போக்குவரத்தின் ஒரு தடம். மார்டிம் மோனிஸ் சதுக்கத்தில் புறப்பட்டு, கிராசா மேட்டில் ஏறி, பழைய குடியிருப்பான அல்ஃபாமாவின் சந்துகளில் இறங்கி, பேராலயத்தைத் தொட்டு, கடைவீதியான பைஷாவைக் கடந்து, மீண்டும் மேடேறி, காம்போ டி ஓரிக் பகுதியில் ஒரு கல்லறைத் தோட்டத்தின் வாசலில் போய் நிற்கும். வண்டிகள் 1930-களில் கட்டப்பட்டவை. 1990-களில் மோட்டாரும் பிரேக்கும் மாற்றிப் புதுப்பித்திருக்கிறார்கள். தண்டவாளத்தின் அகலம் 900 மில்லிமீட்டர், நம் பழைய மீட்டர் கேஜைவிடவும் பத்து சென்டிமீட்டர் குறைவு. அந்த ஏற்றத்துக்கும் வளைவுக்கும் நீளமான புது டிராம்கள் சரிப்பட்டு வராது. அதனால்தான் கிழட்டு வண்டிகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

ஒரு வண்டியில் இருபது இருக்கைகள். ஏற விரும்புவதோ உலகமே. இந்த இடைவெளியில்தான் வியாபாரம் நடக்கிறது.

நான் வாங்கிய இணையதளத்தில் மஞ்சள் டிராமின் அழகான படம் இருந்தது. 'வரிசையில் நிற்காமல் ஏறலாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். 'குரல் வழிகாட்டி இலவசம்' என்றும் இருந்தது. டிக்கெட்டை பைஷாவில் ஒரு கடையில் பெற்றுக்கொள்ள வேண்டும். போனோம். பளபளப்பான உறை ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்குள் மூன்று அட்டைகள். அட்டையில் டிராமின் படமும் இல்லை, 28 என்ற எண்ணும் இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "ஓட்டுநரிடம் இந்த உறையைக் காட்டுங்கள்" என்றார்.

மார்டிம் மோனிஸில் வரிசை சதுக்கத்தை ஒட்டி வளைந்து கிடந்தது. நான் உறையைப் பிடித்துக்கொண்டு நேராக முன்னால் போனேன். ஓட்டுநர் உறையைப் பார்க்கவே இல்லை; வரிசையின் வாலைக் கையால் காட்டினார். கையில் காய்கறிப் பையுடன் நின்ற ஓர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை இருக்கிறதே! ரேஷன் கடையில் இடையில் புகுந்தவனை நம் பாட்டிமார் பார்ப்பார்களே, அதே பார்வை. திரும்பி வந்து வாலில் நின்றேன். ஒரு மணி இருபது நிமிடம். நடுவில் ஒரு ஆட்டோக்காரர் வந்து (ஆம், அங்கேயும் மூன்று சக்கர ஆட்டோ ஓடுகிறது) இன்று 28 ஓடாது, வேலைநிறுத்தம் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் 28 வந்து நின்றது.

நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் கீழே மெட்ரோ நிலையம். அங்கே இயந்திரம். அதில் அதே அட்டை. இதைக் கண்டுபிடித்தவர் மாமா, கழிப்பறை தேடிக் கீழே இறங்கிய நேரத்தில். மேலே வந்ததும் ஒன்றும் சொல்லாமல் விலையை மட்டும் சொன்னார். அக்காதான், "ஏன் தம்பி, எதையும் படித்துப் பார்க்க மாட்டாயா?" என்றாள்.

ஏறினோம். உட்கார இடமில்லை. ஆனாலும் அந்தப் பயணத்தைக் குறை சொல்ல மனம் வராது. அல்ஃபாமாவில் ஓரிடத்தில் இரு பக்கச் சுவர்களும் நெருங்கி வந்து, ஒற்றைத் தடமாகி, எதிர் வண்டிக்காக விளக்கைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் ஒருவர் வீட்டு டைல்ஸ் பதித்த சுவரில் இடிக்கும். நடைபாதையில் போனவர் ஒரு வாசற்படியில் ஏறி, வயிற்றை உள்ளிழுத்து நின்று, வண்டி போன பிறகு இறங்கினார். இறக்கத்தில் சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் மணல் தூவுவார்களாம். அதன் நறநறப்பு காலடியில் கேட்டது.

இங்கேதான் இரண்டாவது அடி. இஸ்திரி போட்ட சட்டையும் கையில் வரைபடமுமாக ஒருவர் என் முன்னால் நின்றிருந்தார். வியர்வையைத் துடைத்தபடி என் பக்கத்து ஜன்னலைக் காட்டி, "ஜனேலா, ஜனேலா" என்றார். எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. நம் ஜன்னல்! சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொற்கள் என்று படித்ததுண்டு. காதால் கேட்பது இதுவே முதல் முறை. அக்காவிடம் திரும்பி, "கேட்டாயா, ஜன்னல் என்கிறார்" என்று சொல்லிக்கொண்டே இரு கைகளாலும் ஜன்னலைத் திறந்துவிட்டேன். அவர் நன்றி சொன்னார். போர்டாஸ் டோ சோல் நிறுத்தத்தில், அவரும் என் முதுகுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்ணும் இறங்கிக்கொண்டார்கள். பைஷாவில் நாங்கள் இறங்கியபோது என் தோள்பையின் ஜிப் திறந்திருந்தது. 180 யூரோ, ஒரு வங்கி அட்டை, தங்குமிடத்தின் சாவி மூன்றும் இருந்த சிறு பை போய்விட்டது. பாஸ்போர்ட்டுகளை அக்கா அறையிலேயே பூட்டி வைத்திருந்ததால் தப்பித்தோம்.

ரெஸ்டவுராடோரெஸ் சதுக்கத்தில் ஃபோஸ் அரண்மனைக் கட்டடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான காவல் நிலையம் இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறார்கள், மரியாதையாக நடத்துகிறார்கள். பணம் திரும்பும் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் காப்பீட்டுக்கு அந்தப் புகார் நகல் தேவை. தொலைந்த பொருள்களின் பட்டியலில் காவலர் 'சாவி' என்பதற்கு எழுதிய சொல்லை வாசித்துக் காட்டினார். ஏறக்குறைய நம் சொல்தான். இந்த முறை நான் ரசிக்கவில்லை. புதுச் சாவிக்கு வீட்டுக்காரர் 40 யூரோ வாங்கிக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், ஜேப்படிக்காரர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. வண்டிக்குள்ளேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார்கள். கவனிக்காதது என் தவறு. ரசீதும் சிரிப்பும் கொடுத்து ஏமாற்றியவர்கள் மேல்தான் கோபம். மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். "இணையதளம் வேறு, நாங்கள் வேறு" என்றார் சிரித்தவர். போர்ச்சுகலில் வாடிக்கையாளர் வந்துபோகும் கடைகள் புகார்ப் புத்தகம் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கேட்டால் கொடுத்தே தீர வேண்டும். காவல் நிலையத்தில்தான் இதைத் தெரிந்துகொண்டேன். கேட்டேன். இல்லை என்றார். இரண்டாம் முறை உரக்கக் கேட்டதும் மேசையின் கீழிருந்து வந்தது. எழுதிக் கொடுத்து, எனக்கான நகலை வாங்கிக்கொண்டேன். சிரிப்பு அதோடு நின்றது.

ஐந்து வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. விளம்பரப் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில், 'தரப்படுவது 24 மணி நேரப் போக்குவரத்து அட்டை' என்று இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன். இருக்கிறது. ஒரு காசு திரும்பவில்லை.

ஆகவே போகிறவர்கள் அட்டையை மெட்ரோ இயந்திரத்தில் வாங்குங்கள், ஆளுக்கு ஒன்று. ஒரே அட்டையை இருவர் பகிர முடியாது. ஒரே ஒரு முறைதான் ஏறப்போகிறீர்கள் என்றால் ஓட்டுநரிடமே மூன்று யூரோவுக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கலாம். கூட்டம் மலைக்க வைத்தால் 12-ஆம் எண் டிராமைப் பாருங்கள். அதே பழைய வண்டி, அதே அல்ஃபாமா மேடு, சிறிய சுற்று.

அந்த 24 மணி நேரம் முதன்முதலில் அட்டையைக் காட்டிய நொடியிலிருந்துதான் கணக்கு என்பதால், மறுநாள் நண்பகல் வரை எங்களுக்கு மிச்சம் இருந்தது. விடியற்காலை முதல் மெட்ரோவில் ராட்டோ நிலையம் போய், அங்கிருந்து கல்லறைத் தோட்டம் வரை நடந்தோம். ஏழரை மணிக்கு 28 காலியாக நின்றுகொண்டிருந்தது. மூவருக்கும் இடம் கிடைத்தது. ஜன்னலை மாமா திறந்தார். நான் பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டேன்.