துறைமுகச் சுவரின் பாசி: நீல அச்சா, அழுத்திய தாளா?

நகரத்தின் துறைமுகச் சுவர்களிலும் பாலத் தூண்களிலும் நீருக்கடியில் வளரும் கடற்பாசிகளைத் தாளில் கொண்டுவர இரண்டு எளிய முறைகள் உண்டு: வெயிலில் காட்டி எடுக்கும் சயனோடைப் என்னும் நீல அச்சு, பாசியையே தாளில் அழுத்தி உலர்த்துவது.

சயனோடைப் அச்சுக்கு ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் இரண்டையும் தனித்தனியே 100 மி.லி. நீரில் கரைத்து, சம அளவில் கலந்து தாளில் பூசி இருட்டில் உலர்த்துங்கள். அந்தத் தாளின்மேல் பாசியைக் கண்ணாடிக்கடியில் வைத்து நல்ல வெயிலில் 10–20 நிமிடம் காட்டி, மஞ்சள் வடிவது நிற்கும்வரை அலசுங்கள். ஈரப்பாசி வைத்தால் நீர் கசிந்து விளிம்பு கலங்கும். காரத்தன்மையுள்ள தாளில் நீலம் மங்கிவிடும். 1843இலேயே ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் இம்முறையில் பாசிகளைப் பதிவுசெய்தார். உல்வா என்னும் பச்சைப் பாசியின் மெல்லிய இலைக்குள் ஒளி ஊடுருவி அச்சில் எழும் நீலச் சாயைகள் அபார அழகு! தடித்த பழுப்புப் பாசியோ வெறும் வெள்ளை நிழலாகிவிடும்.

அழுத்தும் முறையில் பாசியே ஓவியம். கடல்நீர்த் தட்டில் மிதக்கவிட்டு, அடியில் கெட்டித்தாளைச் செருகி, தூரிகையால் கிளைகளை விரித்துத் தூக்குங்கள். மேலே மெல்லிய துணி, உறிஞ்சுதாள், பாரம். உறிஞ்சுதாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நன்னீரில் மென்மையான சிவப்புப் பாசிகளின் செல்கள் வெடித்து நிறம் கசியும்.

நுண்கிளைச் சிவப்புப் பாசிக்கு அழுத்துவதே மேல். ஆனால் வெளிச்சம் படும் சுவரில் மாட்டினால் நிறம் வெளிறும். அங்கே நீல அச்சே நீடிக்கும்.