திருவொற்றியூரில் பில்டரிடம் வாங்கிய புது ஃபிளாட்: ஐந்து வருடம் குடியிருந்த பிறகு

2021 தை மாதம் பால் காய்ச்சினோம். இந்தத் தையோடு ஐந்து வருடம் முடிந்தது. குடிவந்த மாதமே எழுதியிருந்தால் டைல்ஸ் நிறத்தையும் பால்கனிக் காற்றையும்தான் எழுதியிருப்பேன். ஐந்து ஐப்பசி, கார்த்திகை மழையை இதே சுவர்களுக்குள் இருந்து பார்த்தாயிற்று, அதனால் இப்போது எழுதுகிறேன்.

வீடு காலடிப்பேட்டையில். கீழே கார் பார்க்கிங், மேலே நான்கு மாடி, மொத்தம் 16 வீடு. எங்களுடையது மூன்றாவது மாடி, கிழக்கே பார்த்த பால்கனி. "இந்தக் காசுக்குத் தாம்பரம் தாண்டிப் பெரிய வீடே வாங்கலாமே" என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அம்மா வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மேலூர், திருவொற்றியூர், வடதிருமுல்லைவாயில் என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் அத்தைக்கு உண்டு. அவர் கணக்கில் வடிவுடையம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பதே பெரிய வசதி. குடிவந்த சில வாரத்தில், பிப்ரவரி 14 அன்று, விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்தது. கிண்டியில் வேலை பார்க்கும் என் கணவர் அன்றிலிருந்து பைக்கில் ஆபீஸ் போனதே இல்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவர் வண்டி ஓட்டிப் போன காலத்தில் நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

2019 ஆடி கழித்து புக் செய்தோம். அப்போது அஸ்திவாரம்தான் போட்டிருந்தார்கள். விற்பனை அளவு, அதாவது சுவர்களும் பொது இடத்தில் நம் பங்கும் சேர்த்துச் சொல்லும் கணக்கு, 980 சதுர அடி என்றார்கள். கார்ப்பெட் ஏரியா, அதாவது நாம் உண்மையில் நடமாடும் இடம், 688. எங்கள் பெயரில் எழுதப்பட்ட நிலத்தின் பிரிபடாத பாகம், யுடிஎஸ், 410. இந்த மூன்று எண்களையும் கேட்டு எழுதி வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டியில் ஒரு விஷயம் எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. விலை 45 லட்சத்துக்குள் இருந்தால் 1 சதவீதம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சென்னையில் கார்ப்பெட் ஏரியாவும் 60 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். அது ஏறக்குறைய 645 சதுர அடி. எங்கள் வீடு அதைத் தாண்டிவிட்டதால் 5 சதவீதம் கட்டினோம்.

பத்திரங்களை வக்கீலிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னது நாங்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. அந்த இடத்தில் முன்பு ஓட்டு வீடு இருந்தது. அதன் சொந்தக்காரர் இறந்த பிறகு நான்கு மகன்கள் சேர்ந்து பில்டருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். வக்கீல் வாரிசுச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு, "இதில் ஒரு மகளும் இருக்காங்களே, அவங்க கையெழுத்து எங்கே?" என்றார். வில்லங்கச் சான்றிதழில் அப்படி ஒரு மகள் இருப்பதே தெரியவில்லை. பதிவானது மட்டும்தானே அதில் வரும்? பில்டர் அந்த அம்மாவிடம் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் வாங்கிப் பதிவு செய்த பிறகுதான் நாங்கள் அடுத்த தவணையைக் கொடுத்தோம். ஒன்றரை மாதம் தாமதமானது, பரவாயில்லை. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமே சொல்வதால், அதுவரை எங்கள் பணமும் பெரிதாக மாட்டிக்கொள்ளவில்லை.

லாக்டவுனில் வேலையாட்கள் ஊருக்குப் போய்விட்டதால் சாவி ஏழு மாதம் தாமதமாகத்தான் கிடைத்தது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

வருத்தம் 2021 நவம்பர் மழையில் தொடங்கியது. பிள்ளைகள் அறையில் கிழக்குச் சுவர், ஜன்னலுக்குக் கீழே, ஒரு தட்டு அகலத்துக்கு ஓதம் அடித்தது. பத்து நாளில் அது ஜன்னல் அகலத்துக்குப் பரவியது. நகத்தால் லேசாகத் தொட்டால் பெயிண்ட் அப்பளம் மாதிரி உடைந்து விழும், அடியில் வெள்ளையாக மாவு. அத்தை அதை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "உப்புப் பூத்துடுச்சு. தண்ணி உள்ளே ஓடிக்கிட்டே இருக்கு" என்றார். சைட் சூப்பர்வைசருக்கு போன் செய்தேன். "புதுக் கட்டடம் மேடம், ஒரு வெயில் அடிச்சா காஞ்சிடும்" என்றார். மாசியில் ஆள் அனுப்பி, சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த கார்த்திகையில் அதே இடத்தில் அதே ஓதம், இந்த முறை கட்டில் தலைமாடு வரைக்கும். சின்னவனுக்கு வீசிங் உண்டு. அந்தப் பூஞ்சை வாடையில் அவனைப் படுக்க வைக்க மனம் வராமல் மூன்று மாதம் எல்லோரும் ஹாலில் படுத்தோம்.

அம்மா வீட்டுக்கு வேலை செய்த காசிமேட்டு மேஸ்திரியைக் கூட்டி வந்தேன். அவர் உள் சுவரைப் பார்க்கவே இல்லை. நேராகப் பால்கனிக்குப் போய் வெளியே எட்டிப் பார்த்தார். கரண்டிப் பிடியால் பூச்சைத் தட்டினார். ஓரிடத்தில் 'டண்' என்றும் ஓரிடத்தில் 'டொக்' என்றும் கேட்டது. "இந்த 'டொக்' கேக்குற இடம்லாம் பூச்சு சுவரை விட்டுப் பிரிஞ்சு நிக்குதுக்கா" என்றார். பீமும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் முடி கனத்துக்கு ஒரு விரிசல் நீளமாக ஓடியது. கான்கிரீட்டும் செங்கலும் வெயிலில் ஒரே மாதிரி விரிவதில்லையாம். அந்தச் சேர்க்கையில் கோழிவலை வைத்துத்தான் பூச வேண்டும், இங்கே வைக்கவில்லை என்றார். ஜன்னல் அடிக்கட்டை வெளிப்பக்கம் சரியாமல் மட்டமாக இருந்தது. சன்ஷேடின் அடி விளிம்பில் தண்ணீர் சொட்டி விழுவதற்கான காடியும் இல்லை. கடல் காற்றோடு வரும் சாய்மழை சன்ஷேடின் அடியிலேயே ஊர்ந்து வந்து அந்த விரிசலுக்குள் இறங்குகிறது. உள்ளே எத்தனை முறை பெயிண்ட் அடித்து என்ன பிரயோஜனம்?

அதோடு போன் பேசுவதை நிறுத்தினேன். ரெரா சட்டத்தின் 14(3) பிரிவு தெளிவாக இருக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பிலோ, வேலைப்பாட்டிலோ, தரத்திலோ குறை இருப்பதாகச் சொன்னால், பில்டர் தன் செலவில் 30 நாளில் சரிசெய்து தர வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம். தேதி போட்ட 14 போட்டோக்கள், மேஸ்திரி சொன்ன காரணங்கள், முதல் வருடம் அவர்கள் செய்த பெயிண்ட் வேலை, எல்லாவற்றையும் எழுதி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் இமெயிலிலும் அனுப்பினேன். "இது ஸ்ட்ரக்சர் குறை இல்லையே, வெறும் பூச்சுதானே" என்று பதில் வந்தது. பூச்சும் வேலைப்பாடுதான் என்று அந்தப் பிரிவின் வாசகத்தையே எடுத்து எழுதினேன். ஒன்பதாம் நாள் எஞ்சினியரே வந்தார்.

2023 மார்ச்சில் சாரம் கட்டி கிழக்குச் சுவர் முழுவதும் பிரிந்த பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். வலை அடித்து, பாலிமர் கலந்த கலவையால் பூசி, ஜன்னல் அடிக்கட்டைக்குச் சரிவு கொடுத்து, சன்ஷேடு விளிம்பில் காடி எடுத்தார்கள். பூச்சு நனைந்தபடி இருக்க வேண்டும் என்று நானே காலையும் மாலையும் ஜன்னலிலிருந்து தண்ணீர் அடித்தேன். அந்த வருடம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 3ஆம் தேதி ராத்திரியும் 4ஆம் தேதி முழுவதும் காற்றும் மழையும் கிழக்குச் சுவரை அடித்துக்கொண்டே இருந்தன. கரன்ட் இல்லை. மணிக்கு ஒரு தடவை டார்ச் அடித்து அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தேன். விரலில் ஈரம் படவே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கீழே நிலைமை வேறு. பார்க்கிங்கில் முட்டி அளவு தண்ணீர். எர்ணாவூர் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்ததைப் பார்த்தால் எங்களுக்கு வந்தது ஒன்றுமே இல்லை. ஆனாலும் லிஃப்ட் குழி நிரம்பி 11 நாள் லிஃப்ட் ஓடவில்லை, முட்டி வலிக்கார அத்தை அத்தனை நாளும் வீட்டை விட்டு இறங்கவில்லை. சம்ப் மூடி தரைமட்டத்தில் இருந்ததால் தெருச் சாக்கடை உள்ளே போய்விட்டது. இரண்டு முறை இறைத்துக் கழுவி குளோரின் போட்ட பிறகுதான் அந்தத் தண்ணீரைத் தொட்டோம். பிறகு சம்ப் வாயை இரண்டடி உயர்த்திக் கட்டினோம். கட்டும்போதே செய்திருந்தால் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும். ஈபி பெட்டிகளை நாலடி உயரத்தில் வைத்திருந்தார்கள், அதற்காக பில்டரை மனதாரப் பாராட்டுகிறேன்.

தண்ணீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடலோரம் என்பதால் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1,900 மில்லிகிராம். மெட்ரோ வாட்டர் வருகிறது. ஆனால் பில்டர் இரண்டையும் ஒரே மேல்தொட்டியில் ஏற்றியிருந்தார். நல்ல தண்ணீரும் உப்பாகி, ஒரே வருடத்தில் குழாய்களில் பச்சை படிந்து, கீசர் காயில் போய்விட்டது. தொட்டியை இரண்டாகத் தடுத்து, கிச்சனுக்குத் தனி லைன் இழுக்க அசோசியேஷனுக்கு 1,40,000 ரூபாய் ஆனது. வட சென்னையில் கட்டி முடியாத வீடு பார்ப்பவர்கள் பிளம்பிங் வரைபடத்தைக் கேட்டு இந்த ஒன்றை மட்டுமாவது உறுதி செய்துகொள்ளுங்கள். பால்கனிக் கிரில் சாதா இரும்பு, மூன்றாம் வருடமே துரு கரைந்து கீழ்வீட்டுச் சுவரில் செம்மண் கோடாக வழிந்தது. துருவைத் தேய்த்து எடுத்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, பெயிண்ட் அடித்தோம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இது உண்டு.

அசோசியேஷன் பதிவு, சொத்து வரி, ஈபி பெயர் மாற்றம் எல்லாம் அலைச்சல்தான் என்றாலும் சிக்கல் இல்லாமல் முடிந்தன. நிறைவுச் சான்றிதழைச் சாவியோடு கொடுத்துவிட்டதால் அந்த விஷயத்தில் பில்டர் மீது குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஐந்து வருடம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பு, மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 16 வீட்டுக்காரர்களும் கையில் ஆளுக்கொரு ஐந்து ரூபாய் நாணயத்தோடு கட்டடம் முழுவதும் சுற்றினோம். தட்டித் தட்டி 'டொக்' கேட்ட இடத்தில் எல்லாம் சாக்பீஸில் வட்டம் போட்டோம். நான்காவது மாடி பாத்ரூம் ஒன்றிலிருந்து எங்கள் தளத்தில் இறங்கும் கசிவு, மொட்டைமாடித் தட்டோடுகளின் இணைப்பு விட்ட இடங்கள், படிக்கட்டுப் பீமில் கம்பி துருவேறிக் கான்கிரீட் பிளந்த ஓரிடம் என்று மொத்தம் 23 குறைகள். அவற்றை அசோசியேஷன் லெட்டர்பேடில் எழுதி, டிசம்பர் 22 அன்று ஒப்புகையோடு கொடுத்தோம். படிக்கட்டுப் பீம்தான் முதலில் என்று சிவப்பில் கோடு போட்டிருந்தேன். பொங்கல் முடிந்த இரண்டாம் நாள் ஆள் வந்து அதைத்தான் முதலில் உடைத்தார்கள். உள்ளே ஒரு கம்பிக்குக் கவர் பிளாக்கே (கான்கிரீட் போடும்போது கம்பி ஓரத்தில் ஒட்டாமல் இருக்க வைக்கும் சின்னக் கட்டை) வைக்கவில்லை, கம்பி பூச்சோடு ஒட்டிக் கிடந்தது. துருவை பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து மருந்து பூசியிருக்கிறார்கள். மொட்டைமாடி வேலை இன்னும் நடக்கிறது. இதை எழுதும்போது கூட மேலே கொத்தும் சத்தம் கேட்கிறது.